தலைவிளக்குக்கு ஒரு சார்ஜிங் தொட்டில்: வில் தொடுமுனை வடிவமைக்க முழுமையான வழிகாட்டி

மலேசியாவின் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் திறக்கப்பட்டது. பாடாங் செராய், லூனாஸ், பீடோங் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் பலர் அங்கேயும், கடல் தாண்டிப் பினாங்கின் பாயான் லெப்பாசிலும் ஷிப்ட் வேலைக்குப் போனவர்கள். சில்லுகளைச் சோதிக்கும் சாக்கெட்டில் வரிசை வரிசையாக நிற்கும் குட்டி வில் பின்கள் அவர்களுக்குப் பழக்கமானவை. பழுதான பின்னைக் கழற்றி மாற்றவும் தெரியும். ஆனால் அதன் நீளம் ஏன் அவ்வளவு, மேலே ஏன் தங்கம் என்று தொழிற்சாலையில் யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. இந்த வழிகாட்டி அந்த இடத்திலிருந்து தொடங்குகிறது.

பயிற்சிக்கு ஒரு பொருள் வேண்டும். ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டுக்காரரின் தலைவிளக்கை எடுத்துக்கொள்வோம். விடியுமுன் குளிரில் மரத்தில் அழுத்தம் மிகுந்து பால் நன்றாக இறங்கும் என்பதால் வேலை இருட்டிலேயே தொடங்கிவிடும். வீட்டுக்கு வந்ததும் விளக்கை ஒரு தொட்டிலில் வைத்தால் தானே சார்ஜ் ஆக வேண்டும். விளக்கின் அடியில் மூன்று தட்டையான தொடுதளங்கள், தொட்டிலின் போர்டில் மூன்று வில்கள். அவ்வளவுதான்.

முதலில் தேவையை எழுதுங்கள்

ஒரு தாளில் நான்கு வரி போதும். மின்னழுத்தம் 5 வோல்ட். மின்னோட்டம் 1 ஆம்பியர். ஒரு நாளைக்கு இரண்டு முறை வைத்து எடுத்தால் மூன்று ஆண்டில் ஏறக்குறைய 2,000 முறை. நான்காவது வரி சூழல்: வியர்வை, புழுக்கம், அமோனியா. இந்த நான்காவது வரியை எழுத மறப்பவர்கள்தான் அதிகம்.

சுவர் மின்சாரத்துக்கு இந்தப் பாடம் உதவாது. 230 வோல்ட் பிளக், சாக்கெட் போன்றவற்றை விற்க 1994 மின்சார ஒழுங்குமுறை விதிகளின் கீழ் எரிசக்தி ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். காரணம் எளிது. 20 மில்லி ஓம் தடையுள்ள தொடுமுனையில் 1 ஆம்பியர் ஓடினால் 0.02 வாட் வெப்பம். அதே தொடுமுனையில் 13 ஆம்பியர் ஓடினால் 3.4 வாட். வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். பிளாஸ்டிக் உருகத் தொடங்குவது அப்படித்தான்.

தகடா, போகோ பின்னா

தொடுமுனைக்கு இரண்டு வழி: வளைத்த தகட்டு வில், அல்லது போகோ பின். போகோ பின் என்பது ஒரு குழாய், உள்ளே சுருள்வில், மேலே நகரும் முனை. நல்ல பின்னில் மின்னோட்டம் சுருள்வில் வழியாகப் போகாது. முனையின் அடிப்பகுதியைச் சற்றுச் சாய்வாக வெட்டியிருப்பார்கள். வில் அழுத்தும்போது முனை குழாயின் சுவரில் சாய்ந்து உரசும், மின்சாரம் அந்தச் சுவர் வழியே பாயும். மலிவான பின்னில் இந்தச் சாய்வு இல்லாமல் போனால் மெல்லிய சுருள் கம்பியே மின்னோட்டத்தைச் சுமந்து சூடாகித் தன் விறைப்பை இழக்கும். வாங்கிப் பொருத்துவதானால் போகோ பின் சுலபம்; முழு நகர்வில் மூன்றில் இரண்டு பங்கு அமுங்குமாறு உயரத்தை வையுங்கள்.

ஆனால் தூசும் பிசினும் குழாய்க்குள் இறங்கினால் முனை சிக்கிக்கொள்ளும். பால்வெட்டுக்காரரின் கையில் எப்போதும் பால் பிசுபிசுக்கும். அதனால் நான் தகட்டு வில்லையே பரிந்துரைப்பேன். திறந்து கிடக்கும், துணியால் துடைக்கலாம், கணக்கும் கைக்கு அடங்கும்.

உலோகம்: தோட்டம் குறுக்கே வரும் இடம்

கையில் கிடைப்பது பித்தளைத் தகடு. அதை எடுக்காதீர்கள். ரப்பர் பால் உறையாமல் இருக்க அமோனியா கலப்பார்கள், பால் சேகரிக்கும் கொட்டகை முழுக்க அந்த நெடி. இழுவிசையில் இருக்கும் பித்தளையை அமோனியா பிளக்கும். வெளியே ஒன்றும் தெரியாது, ஒருநாள் வில் முறிந்து விழும்.

இது பழைய கதைதான். ஆங்கிலேயர் காலத்து இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் அடுக்கி வைத்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே விரிசல் விட்டன. ஈரமும், குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவும், உறையை இழுத்துச் செய்தபோது உலோகத்தில் தங்கிவிட்ட இழுவிசையும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921-இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகியோர் விளக்கினார்கள். நம் வில்லும் விளக்கு தொட்டிலில் இருக்கும் நேரமெல்லாம் வளைந்து, இழுவிசையோடுதான் இருக்கிறது. துத்தநாகம் 15 விழுக்காட்டைத் தாண்டிய பித்தளைக்கு ஆபத்து அதிகம். வெள்ளீயம் கலந்த பாஸ்பர் வெண்கலம் இதை எவ்வளவோ நன்றாகத் தாங்கும்.

பெரிலியம் செம்பு இன்னும் வலிமையானது, மின்சாரத்தையும் சற்று நன்றாகக் கடத்தும். ஆனால் அதை அரத்தால் ராவினால் எழும் தூசு நுரையீரலுக்கு நிரந்தரக் கேடு. வீட்டுப் பட்டறைக்கு அது வேண்டவே வேண்டாம். ஸ்பிரிங் பதத்தில் உருட்டிய பாஸ்பர் வெண்கலத் தகடு வாங்குங்கள்.

விசையைக் கணக்கிடுதல்

ஒரு முனை பிடிக்கப்பட்டு மறுமுனை நீட்டிக்கொண்டிருக்கும் தகட்டுக்கு இரண்டே சூத்திரங்கள். அமுக்கம் என்பது முனை இறங்கும் தூரம்.

விசை = யங் குணகம் × அகலம் × தடிமன்³ × அமுக்கம் ÷ (4 × நீளம்³)

தகைவு = 3 × யங் குணகம் × தடிமன் × அமுக்கம் ÷ (2 × நீளம்²)

பாஸ்பர் வெண்கலத்தின் யங் குணகம் 110,000 மெகா பாஸ்கல். நீளம் 8 மி.மீ., அகலம் 2 மி.மீ., தடிமன் 0.3 மி.மீ., அமுக்கம் 0.5 மி.மீ. என்று போட்டுப் பாருங்கள். விசை 1.45 நியூட்டன், தகைவு 387 மெகா பாஸ்கல். ஸ்பிரிங் பதத் தகடு சுமார் 550 வரை தாங்கும். பிழைத்தது.

இடம் போதவில்லை என்று நீளத்தை 6 மி.மீ. ஆக்கினால்? விசை 3.4 நியூட்டனாக எகிறும், தகைவு 687. வில் முதல் நாளே வளைந்து அப்படியே நின்றுவிடும். மாறாக, நீளத்தை 8 மி.மீ.-இலேயே வைத்துத் தடிமனை 0.2 ஆகக் குறைத்தால் விசை 0.43 நியூட்டனுக்குச் சரியும். நீளமும் தடிமனும் மும்மடியில் வேலை செய்கின்றன. அகலத்தை மாற்றி விளையாடுவதில் பெரிய பலன் இல்லை.

இன்னொரு கணக்கைப் பலர் போடுவதே இல்லை. 1.45 நியூட்டன் வில் மூன்று சேர்ந்தால் 4.35 நியூட்டன், அதாவது 440 கிராம் எடையைத் தூக்கும் விசை. 150 கிராம் விளக்கைத் தொட்டிலில் வைத்தால் வில் 0.5 மி.மீ. வரை அமுங்காது. எனவே தடிமனை 0.25 மி.மீ. ஆக்குவோம். விசை 0.84 நியூட்டன், தகைவு 322 மெகா பாஸ்கல். மூன்றும் சேர்ந்து ஏறக்குறைய 260 கிராம். இதற்கும் விளக்கின் எடை போதாது, பக்கத்தில் பிளாஸ்டிக் கொக்கி ஒன்று வேண்டும். 'டக்' என்ற சத்தத்தோடு மாட்டினால் விளக்கு சரியாக உட்கார்ந்தது என்பதும் தெரிந்துவிடும்.

முலாம்

வெள்ளீய முலாம் மலிவு. ஆனால் மேலே படியும் ஆக்சைடை உடைக்க 1 நியூட்டனாவது வேண்டும். நம்மிடம் 0.84-தான். தங்கத்துக்கு 0.3 முதல் 0.5 நியூட்டன் போதும், ஆக தங்கம். அடியில் 1.3 மைக்ரானுக்குக் குறையாத நிக்கல், அதன்மேல் 0.76 மைக்ரான் கெட்டித் தங்கம் என்பது தொழிலில் வழக்கமான அளவு. வெள்ளியை யோசிக்கவே வேண்டாம். கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பர் பக்கத்தில் இருந்தாலே வெள்ளி கறுக்கும். தலைவிளக்கின் பட்டையிலும் ரப்பர்தான். தங்கத்தோடு வெள்ளீயத்தை உரச விடுவதும் தவறு. விளக்கின் தொடுதளமும் தங்கமாகவே இருக்கட்டும்.

தகட்டை வளைத்து முடித்த பிறகே முலாம் பூசக் கொடுங்கள். முன்பே பூசினால் வளைவில் நிக்கல் வெடிக்கும்.

வளைவும் உரசலும்

மடிப்பின் உள் ஆரம் தடிமனைப் போல் இரண்டு மடங்காவது இருக்கட்டும். தகட்டை உருட்டிய திசை அதன் மேல் மெல்லிய கோடுகளாகத் தெரியும். மடிப்பு அதற்குக் குறுக்காக விழ வேண்டும். தொடும் முனையைச் சிறு குமிழாகப் புடைக்க வையுங்கள். விளக்கு இறங்கும்போது அந்தக் குமிழ் தளத்தின் மேல் 0.2 மி.மீ. அளவாவது வழுக்கட்டும். அழுக்கைத் தள்ளிவிடுவது அந்த வழுக்கல்தான். தகட்டின் அடியில் ஒரு பிளாஸ்டிக் மேடு வைத்து, 0.7 மி.மீ.-க்கு மேல் அமுங்காமல் தடுத்துவிடுங்கள்.

போர்டில் உட்கார வைத்தல்

வில்லின் விசையைச் சால்டர் சுமக்கக் கூடாது. சால்டர் மென்மையான உலோகம், தொடர்ந்து இழுத்தால் மெல்ல மெல்ல நகரும். பிளாஸ்டிக் கூட்டில் பள்ளம் செய்து தகட்டின் அடிப்பகுதியை அதில் இறுக்குங்கள். சால்டர் மின்சாரத்துக்கு மட்டும். போர்டின் துளை, அதனுள் இறங்கும் தகட்டுக் காலின் மூலைவிட்டத்தைவிட 0.2 மி.மீ. பெரிதாக இருந்தால் போதும். 1 ஆம்பியருக்குத் தாமிரக் கோடு 1 மி.மீ. அகலம் தாராளம்.

விளக்கின் தொடுதளம் இன்னொரு போர்டு என்றால், தயாரிப்பாளரிடம் கெட்டித் தங்கம் என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். போர்டுகளுக்குச் சாதாரணமாகப் போடும் தங்கப் பூச்சு 0.1 மைக்ரான்கூட இருக்காது. சால்டர் பிடிக்க அது நல்லது, தினசரி உரசலில் தேய்ந்துவிடும்.

வியர்வையும் மூன்றாவது வில்லும்

உப்பு வியர்வை படிந்த இரண்டு தளங்களுக்கு இடையே நேர்மின்னோட்ட அழுத்தம் இருந்தால் மின்பகுப்பு நடக்கும். நேர்முனை கரைந்து பச்சை பூக்கும். விளக்கு, தொட்டில் இரண்டு பக்கமும் இதைத் தடுங்கள். விளக்கின் உள்ளே, மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஷாட்கி டையோடு ஒன்றை வைத்தால் பேட்டரி அழுத்தம் வெளியே வராது. தொட்டிலில் மூன்றாவது வில் காவல்காரன்: விளக்கினுள் அந்தத் தளத்தை எதிர்முனையோடு இணைத்துவிட்டால், வில் அதைத் தொட்டதும் ஒரு மாஸ்ஃபெட் சுவிட்ச் 5 வோல்ட்டைத் திறந்துவிடும். விளக்கு இல்லாத தொட்டிலில் அழுத்தமே இருக்காது.

சோதனை

விசையை அளக்கச் சமையலறை டிஜிட்டல் தராசு போதும். வில்லைத் தராசில் கவிழ்த்து 0.5 மி.மீ. அமுக்குங்கள். 80 முதல் 90 கிராம் காட்டினால் கணக்கு சரி. 60 கிராமுக்குக் கீழே என்றால் தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள், 0.02 மி.மீ. குறைந்தாலே விசையில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும்.

தடையை மல்டிமீட்டரின் ஓம் அளவில் பார்க்காதீர்கள், அதன் கம்பியின் தடையே கூடுதலாகக் காட்டும். 1 ஆம்பியர் ஓடவிட்டு, தொடுமுனையின் இரு பக்கத்துக்கும் இடையே மில்லிவோல்ட்டை அளந்து பாருங்கள். 20 மில்லிவோல்ட் என்றால் 20 மில்லி ஓம். எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, விளக்கை 2,000 முறை மாட்டிக் கழற்றி மறுபடி அளந்து பாருங்கள். இடையிடையே உப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் தொடுமுனையைத் தடவி ஓரிரவு காயவிடுங்கள். தடை இரட்டிப்பாகியிருந்தால் உருப்பெருக்கியில் பாருங்கள். குமிழின் உச்சியில் நிக்கலின் வெண்மை தெரிந்தால் தங்கம் தேய்ந்துவிட்டது, குமிழ் கூராக இருக்கிறது. பச்சை இருந்தால் டையோடையும் மூன்றாவது வில்லையும் சரிபாருங்கள். முலாம் நன்றாக இருந்தும் தடை ஏறியிருந்தால் தராசை மறுபடி எடுங்கள், வில் தளர்ந்திருக்கும்.