உலாவிக் காப்பும் முன்திருத்தங்களும்

கற்றலில் முன்பின் முறை உண்டு. நன்னூல் பயில்வோர் எழுத்ததிகாரத்தைக் கற்ற பின்னரே சொல்லதிகாரத்துட் புகுவர். இத்தகைய முறைமை கணினிக்கும் உண்டென்பதை அதனை நாள்தோறும் கையாள்வோரிற் பலர் எண்ணுவதில்லை. இணைய உலாவிக்குரிய காப்புத் திருத்தத்தை இடுமுன் இடவேண்டிய வேறு திருத்தங்கள் எவை, அவை ஏன் வேண்டப்படுகின்றன, அவற்றை விடுத்தால் வருங் கேடு யாது என்பனவற்றை, 2019ஆம் ஆண்டு நிகழ்ச்சி ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

திருத்தம் வேண்டப்படுவதேன்?

உலாவி என்பது இணையப் பக்கங்களைக் கொணர்ந்து நம் கண்முன் காட்டும் மென்பொருள். பிறர் எழுதிய பக்கங்களை மட்டுமன்றி, அவற்றுள் அமைந்த கட்டளைகளையும் அது நம் கணினிக்குள் அழைத்து வருகின்றது. ஆதலின் அதன் அமைப்பிற் சிறு வழு இருப்பினும், தீயோர் அதனையே வாயிலாகக் கொண்டு உட்புகுவர். அவ்வழுவை நீக்குதற்கு மென்பொருளை ஆக்கியோர் வெளியிடுவதே காப்புத் திருத்தம்.

2019 செப்ரெம்பர் 23ஆம் நாள் மைக்ரோசொப்ற் நிறுவனம், இன்ரர்நெற் எக்ஸ்புளோறர் என்னும் தன் உலாவிக்கு அவசரத் திருத்தம் ஒன்றை வெளியிட்டது. மாதத்தின் இரண்டாம் செவ்வாய்க்கிழமையே அந்நிறுவனம் வழக்கமாகத் திருத்தம் வெளியிடும் நாள். அதுவரை காத்திராமைக்குக் காரணம், தீயோர் அவ்வழுவை ஏற்கெனவே பயன்படுத்தத் தொடங்கியிருந்தமையே. தீய நோக்குடன் ஆக்கப்பட்ட பக்கம் ஒன்றைத் திறந்தாற் போதும். திறந்தவருக்குக் கணினியில் உள்ள உரிமைகள் யாவும் பகைவனுக்கும் கிட்டும்.

அத்திருத்தம் முதலிற் கணினிகளுக்குத் தானாக வந்து சேரவில்லை. நிறுவனத்தின் திருத்தப் பட்டியலிலிருந்து அவரவரே எடுத்து இடவேண்டியிருந்தது. கையால் இடுவோர்க்கு முன்திருத்தங்களைத் தேடித் தருவார் ஒருவருமிலர். அவற்றை அறிந்து முதலில் இடுதல் இடுவோர் கடனாயிற்று.

முன்திருத்தம் மூவகை

அக்காலத்துப் பெருவழக்கிலிருந்த விண்டோஸ் 7 கணினியைக் கொண்டு நோக்கின், முன்திருத்தங்கள் மூவகைப்படும்.

முதலாவது, அடிநிலை. விண்டோஸ் 7, 2009ஆம் ஆண்டில் எக்ஸ்புளோறர் 8உடன் வெளிவந்தது. 2011இல் அதன் முதலாவது சேவைத் தொகுப்பும், 2013இல் அதற்குரிய எக்ஸ்புளோறர் 11உம் வந்தன. 2016 சனவரி 12இன் பின், ஒவ்வோர் இயங்குதளத்திலும் இயங்கவல்ல இறுதிப் பதிப்புக்கே திருத்தங்கள் வழங்கப்பட்டன. எனவே பழைய எக்ஸ்புளோறர் 8ஐ வைத்திருந்தவர், முதலிற் சேவைத் தொகுப்பையும், பின்னர் கேபீ 2670838 முதலாய சில திருத்தங்களையும், அதன்பின் எக்ஸ்புளோறர் 11ஐயும் இட்டாலன்றிக் காப்புத் திருத்தத்தை நெருங்கவும் இயலாது.

இரண்டாவது, இடுங்கருவி. திருத்தங்களைப் பிரித்து உரிய இடத்தில் அமைக்கும் பகுதி ஒன்று இயங்குதளத்தின் உள்ளேயே உண்டு. தச்சன் மரத்தைச் சீவுமுன் உளியைத் தீட்டுதல்போல, அப்பகுதியை முதலிற் புதுக்கவேண்டும். 2019 மார்ச்சில் வந்த கேபீ 4490628 இவ்வகையினது.

மூன்றாவது, ஒப்பமறியுந் திறன். மூன்றனுள்ளும் நுட்பமானது இதுவாதலின், இதனைச் சற்று விரித்துரைப்பாம்.

ஒப்பமும் நம்பிக்கையும்

மைக்ரோசொப்ற் வெளியிடும் ஒவ்வொரு திருத்தமும் மின்னொப்பம் உடையது. கோப்பின் முழு உள்ளடக்கத்தையும் ஒரு கணித முறையால் ஒடுக்கிச் சிறு சுருக்கம் ஒன்றைப் பெற்று, அச்சுருக்கத்தின்மீதே ஒப்பமிடுவர். கோப்பில் ஓரெழுத்து மாறினும் சுருக்கம் மாறிவிடும்; மாறவே, ஒப்பம் பொருந்தாது. இதற்கென நெடுங்காலம் பயன்பட்டது 160 பிற் நீளமுள்ள சுருக்கத்தைத் தரும் எஸ்.எச்.ஏ. 1 என்னும் முறை.

2017 பெப்ரவரியில், ஆம்ஸ்ரடாமிலுள்ள தேசியக் கணித, கணினி ஆய்வு நிலையத்தாரும் கூகிள் நிறுவனத்தாரும், வெவ்வேறான இரு கோப்புகள் ஒரே எஸ்.எச்.ஏ. 1 சுருக்கத்தைப் பெறுமாறு செய்து காட்டினர். இருவருக்கு ஒரே கைரேகை அமையுமாயின், கைரேகையைச் சான்றாகக் கொள்வது எங்ஙனம்? ஆகவே எஸ்.எச்.ஏ. 2 என்னும் வலிய முறைக்கு மாறுதல் இன்றியமையாததாயிற்று.

விண்டோஸ் 7 தன் திருத்தங்களிற் புதிய ஒப்பத்தை மட்டும் கண்டு தெளியும் ஆற்றலுடையதாக அமைந்திருக்கவில்லை. அவ்வாற்றலைத் தருதற்கு 2019 மார்ச்சில் கேபீ 4474419 வெளிவந்தது. பழைய கணினியும் ஏற்கத்தக்க வடிவில் அது தரப்பட்டது. அன்றேல் அதனையும் இடல் இயலாதன்றோ? அவ்வாண்டு ஓகஸ்ட் முதல், விண்டோஸ் 7க்குரிய திருத்தங்கள் புதிய ஒப்பத்தை மட்டுமே தாங்கி வந்தன.

செப்ரெம்பரில் வந்த அவசரத் திருத்தமும் அத்தகையதே. முன்திருத்தம் பெறாத கணினி அதன் ஒப்பத்தை அறியமாட்டாது மறுத்துவிடும். 80092004 என்னும் வழு எண்ணைக் கண்டு மயங்கி, திருத்தமே பழுதுடையதெனப் பலர் கருதுதல் இயல்பு. ஆயின் கணினி மறுத்தது குற்றமன்று. தான் அறியாத ஒப்பத்தை ஏற்கும் கணினி, கள்வன் தரும் போலித் திருத்தத்தையும் ஏற்கும். எனவே மறுப்பை நீக்கும் வழி, காவலைத் தளர்த்துதல் அன்று. காவலுக்குப் புதிய ஒப்பத்தை அறிவித்தலே.

கைக்கொள்ளும் முறை

திருத்தத்தை இடுமுன், அதனுடன் வரும் குறிப்பில் முன்தேவை பற்றிய பகுதியை முழுமையாகப் படித்தல் வேண்டும். இயங்குதளம், உலாவி ஆகிய இரண்டின் பதிப்புகளையும் குறித்துக்கொள்க. முக்கியமான கோப்புகளுக்குப் பிரதி எடுத்து வைக்க. திருத்தங்களை ஆக்கியோரின் தளத்திலன்றிப் பிறவிடத்துப் பெறற்க. சொல்லிய ஒழுங்கில் ஒவ்வொன்றாக இட்டு, வேண்டுமிடத்துக் கணினியை நிறுத்தி மீளத் தொடக்குக. ஈற்றில், இடப்பட்ட திருத்தங்களின் பட்டியலைத் திறந்து, கருதிய எண் அங்கு உளதாவெனக் காண்க. இட முயன்றமை வேறு, இடப்பட்டமை வேறு. முயன்ற அளவிலே காப்புண்டென எண்ணி அமைவோன், காப்பில்லை என அறிந்து அஞ்சி நடப்போனினும் இடர்ப்பாட்டிற்கு உள்ளாவான்.

இன்றைய நிலை

விண்டோஸ் 7க்கான பொதுக் காப்பு 2020 சனவரி 14இல் முடிந்தது. எக்ஸ்புளோறர் 11 உலாவி 2022 யூன் 15இல் ஓய்வு பெற்றது. இன்றைய உலாவிகள் பெரும்பாலும் தம்மைத் தாமே திருத்திக்கொள்கின்றன. இடுங்கருவித் திருத்தத்தையும் 2021 முதல் விண்டோஸ் 10இன் புதிய பதிப்புகளில் மாதத் திருத்தத்துடன் இணைத்தே வழங்கலாயினர். இதனால் முன்தேவை ஒழிந்ததென்று கொள்ளற்க. கூகிள் குரோமின் 109ஆம் பதிப்பே விண்டோஸ் 7 ஏற்கும் இறுதிப் பதிப்பு. 2023 பெப்ரவரியில் வந்த 110ஆம் பதிப்பு விண்டோஸ் 10ஐ வேண்டிநின்றது. முன்பு சிறு திருத்தமாயிருந்த முன்தேவை, இப்பொழுது இயங்குதளம் முழுவதுமாக வளர்ந்துவிட்டது.

ஆதலின், பழங் கணினிகளைப் பேணும் பாடசாலைகளும் நூல்நிலையங்களும் உலாவியை மட்டும் நோக்காது, அது நிற்கும் நிலத்தையும் நோக்குதல் வேண்டும். பூட்டு எத்துணை வலிதாயினும், உளுத்த கதவிற் பூட்டிய பூட்டு வீட்டைக் காவாது. முன்னையதைச் செம்மை செய்து பின்னையதை மேற்கொள்ளும் இம்முறையை இளைய மாணவர் உளங்கொண்டு ஒழுகுவாராக.