மிட்டாய் வதந்தி

பள்ளி வாசலில் முன்பின் தெரியாத ஒருவன் போதை மிட்டாய் கொடுக்கிறான், ஒன்றைத் தின்றாலே பிள்ளை அடிமையாகிவிடுகிறது என்ற செய்தி ஓமலூர்ப் பக்கம் ஓயவே மாட்டேன் என்கிறது. ஸ்ட்ராபெரி வாசனைப் போதை என்று 2007இல் அமெரிக்காவில் கிளம்பிய வதந்தி இது. ஊர்ப் பெயரை மாற்றி மாற்றி அனுப்புகிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். கஞ்சா சாக்லேட் பிடிபட்டிருக்கிறதே என்பார்கள். உண்மைதான். ஆனால் அது கேட்டு வாங்குகிறவனுக்குக் காசுக்கு விற்கிற சரக்கு. பையனிடம் முதல் கூல் லிப் புகையிலைப் பொட்டலத்தை நீட்டுகிறவன் பெரும்பாலும் கூடப் படிப்பவன், இல்லையென்றால் அவன் அண்ணா என்று கூப்பிடுகிற ஒருவன். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019இல் வெளியான ஆய்வைப் பாருங்கள்: பசை, தின்னர் போன்றவற்றை முகரும் பழக்கம் பெரியவர்களிடம் 0.58 சதவீதம், 10 முதல் 17 வயதினரிடம் 1.17 சதவீதம். பஞ்சர் ஒட்டும் பசைக்கு அந்நியன் எதற்கு?

ருசி பார்த்த பலர் விட்டுவிட, ஒருவன் மட்டும் ஏன் தொடர்கிறான் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. உளவியலாளர் பட்ரீசியா கான்ராட் நான்கு மனப்போக்குகளைச் சுட்டுகிறார்: நம்பிக்கையிழப்பு, படபடப்பையே கண்டு அஞ்சுவது, யோசிக்காமல் பாய்வது, பரபரப்பைத் தேடுவது. அந்தந்தப் போக்குள்ள மாணவர்களோடு லண்டன் பள்ளிகளில் இரண்டே அமர்வுகள் பேசியதில் போதைப் பயன்பாடு குறைந்தது. வீட்டுக் காயமும் சேர்கிறது. அமெரிக்காவில் 8,600க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்து 2003இல் வெளியிட்ட முடிவின்படி, சிறுவயதில் பட்ட அடி, புறக்கணிப்பு, வீட்டில் குடி என ஒவ்வொன்றும் இளம் வயதிலேயே போதை தொடங்கும் வாய்ப்பை இரண்டு முதல் நான்கு மடங்கு கூட்டுகிறது. அப்படியானால் பிள்ளையின் மனசுதான் குற்றவாளியா என்றால், இல்லை. இவை தலையெழுத்தல்ல, யாரிடம் முதலில் உட்கார்ந்து பேச வேண்டும் என்று காட்டுபவை.

நாலு சாத்தினால் திருந்துவான் என்பது அந்தக் காயத்தையே பெரிதாக்கும் வேலை. போதையைப் பற்றிப் பேசினால் ஆசை வந்துவிடும் என்பதும் வீண் பயம். பிள்ளை மேல் சந்தேகம் வந்தால் 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகவே ஆலோசனை கிடைக்கிறது. பள்ளிகளுக்கும் ஒன்று: பி.டி. பீரியடைப் பிடுங்கிக் கணக்குக்குக் கொடுக்காதீர்கள். பரபரப்பைத் தேடும் பையனுக்குக் கபடிக் களத்தை மூடிவிட்டு, விழிப்புணர்வுப் பேரணியில் பதாகை தூக்கச் சொல்கிறோம். சேலம், நாமக்கல் பக்கம் மதிப்பெண்ணுக்குப் பேர்போன விடுதிப் பள்ளிகள் முதலில் அந்த ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுக்கட்டும்.