அரிச்சல்முனை வரை ஓடிப் பார்க்கலாமா?

கேள்வி: தங்கச்சிமடத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். வயது 41. நாங்கள் ஏழு பேர் சேர்ந்து விடியலுக்கு முன் ஓடுகிறோம். 21 கி.மீ. வரை எனக்குச் சிரமம் இல்லை. வருகிற ஜனவரியில் சென்னை மாரத்தானில் முழுத் தூரமும் ஓட ஆசை. ஆனால் 25 கி.மீ. தாண்டினால் கால் கட்டையாகிவிடுகிறது. குமட்டுகிறது, விரல்கள் வீங்கி மோதிரம் கழல மறுக்கிறது. இத்தனைக்கும் வழியெல்லாம் தண்ணீர் குடித்துக்கொண்டுதான் ஓடுகிறேன். ராமேஸ்வரத்திலிருந்து அரிச்சல்முனை போய்த் திரும்பினால் 40 கி.மீ. அளவுக்கு வரும், ஒருமுறை ஓடிவிட்டால் பயம் தெளிந்துவிடும் என்கிறார்கள் குழுவில். ஓடலாமா?
— ஒரு வாசகி, தங்கச்சிமடம்

பதில்: அரிச்சல்முனை இருக்கட்டும், முதலில் மோதிரத்தைப் பார்ப்போம். நெடுநேரம் ஓடினால் விரல் கொஞ்சம் உப்புவது சகஜம். அதோடு குமட்டலும் சேர்ந்தால் நீங்கள் தேவைக்கு மேல் தண்ணீர் குடிக்கிறீர்களோ என்று சந்தேகப்பட வேண்டும். வியர்வையில் உப்பு போய்க்கொண்டிருக்க, மேலே மேலே வெறும் தண்ணீரை ஊற்றினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி முடித்த 488 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தின்போது உடல் எடை கூடியவர்களுக்கே அந்த ஆபத்து அதிகம். ஓடி எடை கூடுமா என்று கேட்காதீர்கள், கூடும்.

அடுத்த நீள ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் கவலை வேண்டாம். கூடியிருந்தால் காரணம் தண்ணீர்தான். தாகம் எடுத்தால் குடியுங்கள், எடுக்காவிட்டால் விட்டுவிடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு உப்பும் வேண்டும் என்பதால் ஓஆர்எஸ் நல்லது. ஒரு பெரிய பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், அளவு மாறக்கூடாது. ஆனால் உப்புக் கரைசல்தானே என்று அதையும் குடம் குடமாகக் குடித்தால் பழைய கதைதான். தலைவலியோடு குழப்பமும் வந்தால் தண்ணீர் கொடுத்து உட்காரவைக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இதைக் குழுவில் ஏழு பேருக்கும் சொல்லிவையுங்கள்.

கால் கட்டையாவதன் காரணம் வேறு. தசையிலும் ஈரலிலும் உடல் சேமித்துவைத்திருக்கும் மாவுச்சத்து பலருக்கு 30 கி.மீ. வாக்கில் தீர்ந்துபோகும். வேகமாக ஓடினால் அதற்கு முன்பே தீரும். மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறக்குறைய 25 கிராம் இருக்கிறது. கடையில் விற்கும் ஜெல் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் பனங்காட்டு மாவட்டத்தில் இருந்துகொண்டு ஏன் கவலை? கருப்பட்டியைச் சிறு துண்டுகளாக உடைத்து இடுப்புப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். எதைத் தின்பதானாலும் பயிற்சியில் பழகுங்கள். பந்தய நாளில் புதிதாக எதுவும் வேண்டாம்.

இனி அரிச்சல்முனை. வேண்டாம். 40 கி.மீ. ஓடுகிறவர் மாரத்தானையே முக்கால்வாசி முடித்தவர் அல்ல, ஏறக்குறைய முழுதாகவே முடித்தவர். அந்த அலுப்பு தீரவே பல வாரம் ஆகும். பயிற்சியில் அதிகபட்சம் 30, 32 கி.மீ. போதும். அதுவும் பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு, ஒரே ஒருமுறை. அங்கிருந்து தூரத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும்.

அந்தச் சாலையும் முதல் நீள ஓட்டத்துக்கு ஏற்றதல்ல. முகுந்தராயர் சத்திரம் தாண்டினால் நிழல் என்பதே கிடையாது. ஒரு பக்கம் பெண்கடலான வங்கக் கடல், ஒரு பக்கம் ஆண்கடலான மன்னார் வளைகுடா, நடுவில் வெயில். தார்ச்சாலையில் மணல் படிந்திருக்கும், கால் வழுக்கும். போகும்போது காற்று முதுகைத் தள்ளிவிட்டால் நன்றாக ஓடுகிறோம் என்ற நினைப்பு வரும். திரும்பும்போது அதே காற்று முகத்தில் அடிக்கும், அதுவும் சோர்ந்திருக்கும் நேரத்தில். வீட்டிலிருந்து பாம்பன் பக்கம் போங்கள். டீக்கடை உண்டு, தண்ணீர் கிடைக்கும், முடியாவிட்டால் பஸ் ஏறலாம். 1988இல் திறந்த சாலைப் பாலத்தின் ஏற்றத்தையும் பயன்படுத்திக்கொள்ளலாம். சமதளமான உங்கள் தீவில் தொடைக்கு வேலை கொடுக்கும் மேடு வேறெது? ஆனால் விடிந்து சுற்றுலா வண்டிகள் நிற்கத் தொடங்கும் முன் இறங்கிவிடுங்கள். மீன் லாரிகள் வரும் நேரம் என்பதால் எதிரே வரும் வண்டி கண்ணில் படும்படி வலப்பக்கம், ஒருவர் பின் ஒருவராக, ஒளிரும் பட்டையோடு ஓடுங்கள்.

குழுவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் உங்கள் சிக்கலில் பாதி அங்கேதான் இருக்கும் என்பது என் ஊகம். நீள ஓட்டத்தில் ஓடிக்கொண்டே முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். மூச்சு வாங்கினால் அது உங்கள் வேகமல்ல, முன்னால் போகிறவரின் வேகம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கடைசி ஆளின் வேகத்தில் எல்லோரும் ஓடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். முறைவைத்து ஒருவர் டூவீலரில் தண்ணீர் கேனோடு வரட்டும். வேகக்காரர்கள் புதன்கிழமை தங்கள் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டட்டும்.

நடப்பது கௌரவக் குறைச்சல் என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். 1972 ஒலிம்பிக்கில் ஓடிய ஜெஃப் கேலோவே, ஓட்டத்துக்கு நடுவே நடக்கும் முறையைப் பரப்பியவர். நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. களைத்த பிறகு அல்ல, முதல் கிலோமீட்டரிலிருந்தே. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு வாரம் விட்டுப்போனால் அது போனதுதான். அடுத்த வாரம் இரண்டையும் சேர்த்து ஓடாதீர்கள்.

பதிவு செய்யும் முன் ரத்த அழுத்தம், சர்க்கரை, ஈசிஜி பார்த்துவிடுங்கள். எத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்ற கெடுவையும் படியுங்கள். நவம்பர் கடைசியிலும் 25 தாண்டக் கஷ்டமாக இருந்தால் 32 கி.மீ. பிரிவு இருக்கிறதா என்று கேட்டு அதில் சேருங்கள். வலிமாத்திரை போட்டுக்கொண்டு ஓட வேண்டாம், சிறுநீரகத்துக்குக் கேடு.

பந்தயம் ஞாயிறு. அன்றிரவே ராமேஸ்வரம் ரயிலேறுவதாக இருந்தால் முன்பதிவு தொடங்கியதுமே டிக்கெட்டை எடுங்கள், ஏழு பேரும் கீழ் பர்த்துக்கு முந்துவீர்கள்.