தீன் மறுக்கும் சிலந்தி

அடை கிடக்கும் கோழி நாளுக்கு ஒருமுறை எழும்பி, நாலு மணி கொத்தி, தண்ணீர் குடித்துவிட்டு மீண்டும் முட்டைமேல் போய் இருந்துகொள்ளும். மூன்று கிழமையில் அதன் நெஞ்செலும்பு கைக்குத் தட்டுப்படும். ஆயினும் கோழி வளர்த்த எந்தத் தாயும் அதன் வாயைப் பிரித்துத் தீன் திணிப்பதில்லை. அது நோயன்று, அதன் காலம் என்பதை அவர் அறிவார். அந்த அறிவு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதை நாம் ஒரு சிலந்தியிடமிருந்து கற்றுக்கொண்டோம்.

மேனாட்டில் படித்த காலத்தில் நாம் தங்கியிருந்த வீட்டில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் இருந்தான். அவன் கண்ணாடித் தொட்டியொன்றில் பெருஞ்சிலந்தி வளர்த்தான். சிலந்தியையும் வளர்ப்பார்களா என்று நீங்கள் கேட்கலாம். நாமும் அப்படித்தான் கேட்டோம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கிளி, முயல் வளர்ப்பதுபோல் இதையும் பலர் வளர்க்கின்றனர். டரண்டுலா என்று அழைக்கப்படும் இவ்வினம் உடலெங்கும் உரோமம் மூடியது; கால் விரித்தால் உள்ளங்கையை நிரப்பும். சிறுவனுடையது தென் அமெரிக்காவின் சிலி நாட்டுக்குரிய ரோசா நிறச் சிலந்தி. பெண் சிலந்தி இருபது ஆண்டும் வாழக்கூடும் என்று சொல்லி அதை அவனுக்கு விற்றிருந்தார்கள். அது உண்மையே. அது மாதக்கணக்கில் தீன் மறுக்கும் என்பதை மட்டும் எவரும் சொல்லவில்லை.

பட்டினி என்ற சொல் நம் வாசகர்களுக்கு வேறு நினைவுகளைத் தரும். நோன்பு என்பதோ மனிதர் தாமாக விரும்பி ஏற்பது. சிலந்தியின் காரியம் இவ்விரண்டுமன்று. ஆகவே தீன் மறுத்தல் என்றே இங்கு சொல்வோம்.

முதலில் அது உண்ணும் முறையைப் பார்ப்போம். இச்சிலந்தி வீட்டு மூலையில் காணும் சிலந்திபோல் வலை பின்னி இரை பிடிப்பதில்லை. வளை வாயிலில் அசையாமல் இருக்கும். நிலத்தின் அதிர்வைக் கால் உரோமங்களால் உணர்ந்து ஒரே பாய்ச்சலில் பற்றும். மண்வெட்டி விழுவதுபோல் மேலிருந்து கீழ்நோக்கி இறங்கும் இரு பற்களால் நஞ்சைச் செலுத்தும். பின்பு செரிமான நீரை இரைமேல் கக்கிக் கரைத்து, கரைந்ததை உறிஞ்சிக் குடிக்கும். அதாவது அது பாதி சமிபாட்டை வயிற்றுக்கு வெளியிலேயே முடித்துவிடுகிறது. எஞ்சுவது சிறு சக்கை உருண்டை மட்டுமே. வளர்ப்போர் சுவர்க்கோழி எனப்படும் இராப்பூச்சியையும் கரப்பானையும் கொடுக்கின்றனர். வளர்ந்த சிலந்திக்கு ஒரு கிழமைக்கோ இரு கிழமைக்கோ ஒருமுறை இரண்டு மூன்று பூச்சி போதும். மருந்தடித்த தோட்டத்தில் பிடித்த பூச்சியைப் போட்டால் சிலந்தியும் சேர்ந்து சாகும்.

இவ்வளவு குறைவாக உண்டு எப்படி வாழ்கிறது? மாடும் கோழியும் தம் உடற்சூட்டைக் காக்கவே தீனில் பெரும்பகுதியை எரிக்கின்றன. சிலந்திக்கு அச்செலவு இல்லை. சுற்றுப்புறத்தின் சூடே அதன் சூடு. ஓய்வில் இருக்கையில் அதன் உடல் செலவழிக்கும் சக்தி மிகச் சொற்பம். அதுவும் பெரும்பொழுது ஓய்விலேயே இருக்கிறது. உண்டதைப் பின்னுடலில் சேமித்து வைத்து, நெல்லைப் பட்டறையில் இட்ட குடும்பம்போல் சிறிது சிறிதாக எடுத்துச் செலவிடும். அளவுக்கு மிஞ்சி ஊட்டினால் அப்பின்னுடல் பருத்து, சிறு உயரத்திலிருந்து விழுந்தாலும் வெடித்துவிடும்.

நமது சிறுவனின் சிலந்தி இலையுதிர் காலத்தில் தீனை விட்டது. ஒரு மாதம், இரண்டு மாதம், நான்காம் மாதமும் வந்தது. சிறுவன் அழுதான். நாமும், அறியாமையால், எப்படியாவது ஊட்டப் பார் என்று அவனுக்குச் சொன்னோம். அவன் ஒவ்வொரு மாலையும் புதுப் பூச்சிகளைத் தொட்டியில் விட்டு, பழையவற்றை எடுக்காமலே உறங்கப் போனான். ஒருநாட் காலை சிலந்தி மல்லாந்து, கால்களை மேலே நீட்டிக் கிடந்தது. செத்துவிட்டதென்று புதைக்கப் பெட்டியும் தேடினார்கள்.

அது சாகவில்லை. செட்டை கழற்றிக்கொண்டிருந்தது. களப்பில் இறங்கியவர்கள் நண்டு கோது கழற்றுவதைக் கண்டிருப்பார்கள். பழைய கோதை விட்ட நண்டு கைபட்டால் அமுங்கும். சிலந்தியும் அப்படியே. அதன் எலும்பு வெளிப்புறத்து ஓடுதான். அது நீளாததால் வளர்வதற்கு அதைக் கழற்றியாக வேண்டும். அதற்குப் பல கிழமைக்கு முன்பே, சில வேளை மாதங்களுக்கு முன்பே, தீனை நிறுத்திவிடும். நிறம் மங்கும், பின்னுடலில் உரோமம் உதிர்ந்த இடம் இருந்தால் அது கறுக்கும். பின்பு பட்டு விரித்து அதன்மேல் மல்லாந்து படுத்துச் சில மணி நேரத்தில் புதிய உடலோடு வெளியே வரும். அப்போது பற்களும் வெள்ளையாய், மென்மையாய் இருக்கும். அவை கறுத்து இறுகும்வரை எதையும் கடிக்க இயலாது. வளர்ந்த சிலந்திக்கு ஒரு கிழமைக்கு மேலும் பொறுக்க வேண்டும். அந்த வேளையில் தொட்டியில் பசித்த பூச்சி கிடந்தால் இரை வேடனைத் தின்னும். அன்று நடந்ததும் அதுவே. நாம் விளக்குப் பிடித்துப் பார்த்தபோது சுவர்க்கோழியொன்று புதிய கால் ஒன்றை அடிவரை கடித்திருந்தது.

ஊட்ட முயன்றதுதான் கேடாயிற்று. தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்பி வைத்து, தீண்டாத பூச்சியை மறுநாளே எடுத்துவிட்டுக் காத்திருப்பதே செய்ய வேண்டியது. தண்ணீர் இல்லாவிட்டால் மட்டும் அது நிலைக்காது. சிலந்தி தன் கால்களை உடல்நீரின் அழுத்தத்தாலேயே நீட்டுகிறது. நீர் வற்றினால் கால்கள் உடலுக்குக் கீழே மடங்கும். மல்லாந்து கிடப்பதற்கு அஞ்ச வேண்டாம். நிமிர்ந்த நிலையில் கால்கள் உள்ளே சுருண்டிருந்தால், பின்னுடல் வற்றிச் சுருங்கினால், அப்போதுதான் அஞ்ச வேண்டும். பருவமடைந்த ஆண் சிலந்தியின் காரியம் வேறு. அது தீனைக் குறைத்துத் துணை தேடி அலைந்து, ஓரிரு ஆண்டில் முடிந்துபோகும்.

இவ்வினத்தார் நம் நாட்டிலும் உண்டு. மரப்பொந்தில் வாழும் புலிச்சிலந்திகள் இலங்கையிலும் இந்தியாவிலும் மட்டுமே உள்ளவை. மாங்குளத்தில் 2009 இல் ஊரவர் கொண்டுவந்து கொடுத்த செத்த ஆண் சிலந்தி ஒன்றிலிருந்தே, அறிவியல் அதுவரை அறியாத வகையொன்று தெரியவந்தது. கால் விரித்தால் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர். முதிர்ந்த மரங்களே அதன் வீடு. மரம் குறைய, பழைய கட்டடங்களுக்குள்ளும் வருகிறது. வீடு துப்புரவாக்கும்போது கண்டால் வெறுங்கையால் தொட வேண்டாம். கடித்தால் கடும் நோவும், நாட்கணக்கில் தசைப்பிடிப்பும் வரலாம். வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஆனால் இக்கடியால் எவரும் இறந்ததாகப் பதிவில்லை. அடித்துக் கொல்லவும் தேவையில்லை. தடியால் பெட்டிக்குள் தள்ளி மரத்தடியில் விட்டால் போதும். மேனாட்டு வளர்ப்போரிடம் இவற்றுக்கு நல்ல விலை உண்டு. பிடித்துத் தந்தால் காசு தருவோம் என்று எவரும் வந்தால், அனுமதியின்றி இவற்றை வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம் என்பதை அறிந்திருங்கள். 2019 இல் இப்புலிச்சிலந்திகள் அனைத்தும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டன.

நாம் நாடு திரும்பி இரண்டாம் ஆண்டில் அச்சிறுவனின் கடிதம் வந்தது. சிலந்தி மறுபடியும் ஐந்து மாதம் தீன் மறுத்ததாம். இம்முறை தொட்டியில் தண்ணீர் மட்டுமே வைத்திருந்தானாம். செட்டை கழன்றபோது, கால் போன இடத்தில் மற்றவற்றிலும் மெலிந்த, சற்றுக் குட்டையான புதுக்கால் ஒன்று இருந்தது என்று எழுதியிருந்தான்.