பிள்ளைகளுக்கு மன்னிப்பைக் கற்பிப்பது எப்படி?



"பொய் சொன்னால் சாமி கண்ணைக் குத்தும்" என்று சொல்லிப் பிள்ளையை அடக்குகிற வழக்கம் நம் வீடுகளில் இன்னும் ஒழிந்தபாடில்லை. சொல்லுகிற தாய்க்கு அது அந்த நேரத்துக்கு ஓர் உபாயம். கேட்கிற பிள்ளைக்கோ அதுவே முதல் ஞானோபதேசம். சர்வேசுரன் தன்னைப் பிடிக்கக் காத்திருக்கும் காவற்காரர் என்று நாலு வயதில் மனதில் பதிந்துவிட்டால், பிறகு பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும்போது உபதேசியார் எவ்வளவு விளக்கினாலும் என்ன பயன்? தண்டனைக்குப் போகிற கைதியைப் போலவே அந்தப் பிள்ளை பாவசங்கீர்த்தனத் தொட்டியண்டை போகும். பயந்த பிள்ளை முதலில் கற்றுக்கொள்ளுவது ஒளிப்பதற்குத்தான்.

இதற்கு எதிரான பிழையும் உண்டு. "சின்னப் பிள்ளைதானே, போகட்டும் விடு" என்று எல்லாவற்றையும் தள்ளிவிடுகிற வீடுகள் இப்போது பெருகி வருகின்றன. தப்பு ஒன்றும் நடக்கவில்லையென்றால் மன்னிப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது? இப்படி வளர்கிற பிள்ளைக்கு மனஸ்தாபம் என்ற சொல்லே விளங்காது. ஆண்டவர் பாவத்தைப் பாவம் என்றே சொல்லுகிறார்; சொல்லிவிட்டுப் பாவியை மார்போடு அணைத்துக்கொள்ளுகிறார். இவ்விரண்டையும் சேர்த்துக் காட்டுவதே பெற்றோரின் வேலை. வாயால் விளக்குவதைவிட ஒரு சரித்திரத்தைச் சொல்லுவது எளிது. அப்படிப்பட்ட சரித்திரம் ஒன்று இத்தாலிய தேசத்தில் நடந்தது.

அர்ச். மரிய கொரற்றி 1890-ம் ஆண்டு கொரினால்தோ என்ற ஊரில் ஓர் ஏழை உழவனுக்குப் பிறந்தாள். பிழைப்புக்காக அந்தக் குடும்பம் ரோமாபுரிக்குத் தெற்கேயுள்ள சதுப்பு நிலத்துக்குக் குடிபெயர்ந்தது. அங்கே 1900-ல் தகப்பன் மலேரியாக் காய்ச்சலால் இறந்துபோனான். தாய் அசுந்தா வயல் வேலைக்குப் போக, வீட்டையும் சின்னப் பிள்ளைகளையும் மரியாவே பார்த்துக்கொண்டாள். அதே வீட்டின் மற்றொரு பகுதியில் குடியிருந்தவன் அலெஸ்ஸாந்திரோ செரெனெல்லி. அவன் சிறுவயதிலேயே தாயை இழந்தவன். 1902-ம் ஆண்டு ஜூலை 5-ம் தேதி, இருபது வயதான அவன் பதினொரு வயதுச் சிறுமியைக் கெடுக்க முயன்றான். அவள் எதிர்க்கவே, அவளைப் பதினான்கு முறை குத்தினான். மறுநாள் மருத்துவமனையில் அவள் உயிர் நீத்தாள். கடைசி நன்மை வாங்குமுன், அவனை மன்னிக்கிறாயா என்று குருவானவர் கேட்டார். மன்னிப்பதாகவும், மோட்சத்தில் அவன் தன்னோடு இருக்கவேண்டுமென்றும் அவள் சொன்னாள்.

வழக்கமாகப் பிரசங்கங்களில் இத்தோடு சரித்திரம் முடிந்துவிடும். நம் பாடத்துக்கு வேண்டியது இதற்குப் பிறகு நடந்ததுதான்.

மரியா மன்னித்தது 1902-ல். அந்த மன்னிப்பு அவன் இருதயத்துக்குள் போய்ச் சேர வருஷங்கள் பிடித்தன. முப்பது வருஷச் சிறைத் தண்டனை பெற்ற அலெஸ்ஸாந்திரோ, சிறையில் யாரோடும் ஒட்டாமல், மனஸ்தாபம் இல்லாமல் முரடனாகவே இருந்தான். பிறகு ஒருநாள் கனவு கண்டான். தோட்டத்தில் வெள்ளை உடை தரித்து நின்ற மரியா, லீலி மலர்களைப் பறித்து அவன் கையில் கொடுத்தாள். அதன்பின் அவன் மனம் உடைந்தது. சிறையில் தன்னை வந்து பார்த்திருந்த மேற்றிராணியாருக்குத் தன் மனஸ்தாபத்தைத் தெரிவித்துக் கடிதம் எழுதினான்.

தண்டனை மட்டும் நிற்கவில்லை. இருபத்தேழு வருஷம் சிறையில் கழித்து, 1929-ல்தான் வெளியே வந்தான். சில ஆண்டுகளுக்குப்பின், கிறிஸ்மஸ் காலத்தில், கொரினால்தோவுக்குப் போய் அசுந்தாவின் கதவைத் தட்டி மன்னிப்புக் கேட்டான். அவள் அப்போது அவ்வூர்ப் பங்குச் சுவாமியார் வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். மகளே மன்னித்துவிட்டபோது தான் எப்படி மன்னிக்காமல் இருக்கமுடியும் என்றாள் அந்தத் தாய். இருவரும் ஒன்றாய்ப் பூசைக்குப் போய் நன்மை வாங்கினார்கள். ஊரார் கண்ணெதிரே அது நடந்தது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல மறக்கவேண்டாம். 1950-ம் ஆண்டு ஜூன் 24-ல் பன்னிரண்டாம் பத்திநாதர் மரியாவுக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தபோது, வயோதிகத் தாயான அசுந்தா அங்கே இருந்தாள். அலெஸ்ஸாந்திரோ கப்புச்சின் சபையார் மடத்தில் தோட்ட வேலை செய்து, 1970-ல் இறந்தான். 1961-ல் தன் வாழ்க்கையைத் திரும்பிப் பார்த்து அவன் எழுதிய கடிதமொன்று உண்டு. அதில், இளமையில் தான் கெட்டுப்போனதற்குத் தான் வாசித்தவையும் தன் தோழர்களும் காரணம் என்று எழுதினான். பிள்ளைகள் கையில் என்ன இருக்கிறதென்று பார்க்க நேரமில்லாத தகப்பன்மார் இதைக் கவனிக்கவேண்டும்.

இனி வீட்டுக்கு வருவோம். அண்ணன் தம்பியை அடிக்கிறான். "மன்னிப்புக் கேள்" என்று காதைத் திருகுகிறோம். அவனும் தரையைப் பார்த்துக்கொண்டு இரண்டு வார்த்தை முணுமுணுக்கிறான். மனது மாறிவிட்டதா? அலெஸ்ஸாந்திரோவுக்கு வருஷங்கள் பிடித்ததென்றால், நம் பையனுக்கு அரைமணி நேரமாவது கொடுக்கக் கூடாதா? அடித்ததைத் தடுப்பது உடனே நடக்கட்டும். மன்னிப்புக் கேட்பது கோபம் ஆறினபின், இரவு செபத்துக்கு முன்னே நடக்கட்டும். செய்த நஷ்டத்தை அவனே தன்னாலானமட்டும் ஈடுசெய்யட்டும். உடைத்த பொம்மையை ஒட்டிக் கொடுக்கலாம், கிழித்த நோட்டை எழுதிக் கொடுக்கலாம். சக்கேயு என்பவன் சேசுநாதர் தன் வீட்டுக்கு வந்த சந்தோஷத்தில், ஏமாற்றி வாங்கினதை நாலு மடங்காய்த் திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னானே! முதலில் ஆண்டவர் அவன் வீட்டுக்கு வந்தார், பிறகு அவன் பணப்பை திறந்தது. இந்த வரிசையைப் பிள்ளைகள் கண்டுகொள்ளும்படி சொல்லுங்கள்.

மன்னித்த குற்றத்தைத் திரும்பத் தோண்டுவது நம் குடும்பங்களில் பெரிய வியாதி. போன வருஷம் உண்டியலில் எட்டணா எடுத்தவன், பாவசங்கீர்த்தனம் செய்து, அபராதமும் தீர்த்து, நன்மையும் வாங்கிவிட்டான். ஆனால் வீட்டில் எது காணாமற்போனாலும் அவன் முகத்தைத்தான் பார்க்கிறோம். விருந்தாளி முன்னால், "இவன் கை கொஞ்சம் நீளம்" என்று வேடிக்கை பேசுகிறோம். குருவானவர் சர்வேசுரன் பேரால் அழித்த கணக்கை நாம் மறுபடி எழுதுகிறோம். இதைப் பார்க்கிற பிள்ளை, ஆண்டவரும் இப்படித்தான் மன்னிப்பார் என்று எண்ணிக்கொள்ளும். தகப்பனும் தாயும் ஒருவரையொருவர் மன்னிக்கிற விதத்தையும் பிள்ளைகள் பார்க்கிறார்கள். கோபத்தில் வரம்புமீறி அடித்த தகப்பன், "நான் செய்தது தப்பு, அப்பாவை மன்னித்துவிடு கண்ணே" என்று சொன்னால் மரியாதை குறையும் என்று பயப்படவேண்டாம். அன்றைய இரவுச் செபத்தில் பரலோகமந்திரம் அந்தப் பிள்ளைக்குப் புதிதாய் விளங்கும்.

ஒரு காரியத்தை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். மரிய கொரற்றியின் சரித்திரத்தைச் சொல்லி, "அவள் மன்னித்தாளே, நீயும் வாயை மூடிக்கொண்டு மன்னித்துவிடு" என்று எந்தப் பிள்ளையிடமும் சொல்லக் கூடாது. பிள்ளையை ஒருவன், அவன் உறவினனானாலும் மதிப்புள்ள பெரியவனானாலும் சரி, தொடத்தகாத விதமாய்த் தொட்டால், பிள்ளை உடனே தாயிடம் சொல்லவேண்டும், தாய் அதை நம்பவேண்டும், சட்டத்துக்குத் தெரிவிக்கவேண்டும். மரியா மன்னித்தாள், ஆனால் தன்னைக் குத்தினவன் இன்னானென்பதை மறைக்கவில்லை. அவனும் இருபத்தேழு வருஷம் சிறையிலிருந்தான். கெடுக்கப்பட்ட பிள்ளையிடத்தில் பாவம் ஒன்றுமில்லை என்பதையும், மரியாவைப்போல் எதிர்க்க முடியாமற்போன பிள்ளையும் ஆண்டவருக்கு முன் மாசற்றதே என்பதையும் பெண்பிள்ளைகளுக்கும் ஆண்பிள்ளைகளுக்கும் தெளிவாய்ச் சொல்லுங்கள். குடும்ப மானத்துக்காக மூடி வைப்பதற்கு மன்னிப்பு என்று பெயரல்ல.

முதல் நன்மைக்கு ஆயத்தம் செய்கிற சிறு பிள்ளைகளுக்கு இந்தச் சரித்திரத்தைச் சொல்லும்போது கத்தியைப் பற்றி விரிக்கவேண்டாம். ஒரு கெட்ட மனிதன் அவளைக் கொன்றான் என்ற அளவோடு நிறுத்தி, லீலி மலர்களையும் அசுந்தாவின் கதவையும் நன்றாய் விவரியுங்கள். மரியாவின் திருநாள் ஜூலை 6-ம் தேதி வருகிறது. அன்றைக்குச் சொல்லுவது பொருத்தம். பெரும்பாலும் கதை முடிந்ததும் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "அவன் மோட்சத்துக்குப் போயிருப்பானா?" திருச்சபை அதைப்பற்றித் தீர்ப்புச் சொல்லவில்லை என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். பிறகு, சாகும் தறுவாயில் மரியா அவனுக்காக என்ன விரும்பினாள் என்று அவர்களையே திருப்பிக் கேளுங்கள்.