இருமல் இல்லாத நாளிலும்

ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் பிள்ளைக்கு சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்று இப்போதுதான் தெரிந்துகொண்ட இளம் பெற்றோருக்கு, இந்த நோயோடு ஒரு பேரனை வளர்த்த பாட்டி சொல்கிறேன்.

1. முதலில் வீட்டாரை உட்கார வைத்துப் பேசுங்கள். ஏழாவது குரோமோசோமில் இருக்கும் ஒரு மரபணு, தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் பழுதாக வந்தால்தான் இது வரும். மருமகளை மட்டும் ஏசுவது அநியாயம். இருமலைப் பார்த்து ஒதுங்க, இது டி.பி. அல்ல. அடுத்த பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அதற்கு முன் மரபணு ஆலோசனை பெறுங்கள்.

2. நெபுலைசரில் வரிசை முக்கியம். பொதுவாக முதலில் மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து, பிறகு உப்புநீர், அடுத்து சளியை வெளியேற்றும் பிசியோதெரபி. ஆன்டிபயாடிக் எழுதியிருந்தால் அது கடைசியில். சளி அடைத்த இடத்தில் மருந்து இறங்காது. சிப்காட்டில் வேலை பார்க்கிற வீட்டில் வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். காலை யார், மாலை யார் என்று ஞாயிறன்றே பேசி முடித்துவிடுங்கள். பாட்டி தாத்தாவுக்கும் கற்றுக்கொடுங்கள். "நன்றாகத்தானே ஓடி விளையாடுகிறான், இன்றைக்கு விட்டுவிடலாம்" என்று தோன்றும். அந்த நாளில்தான் விடவே கூடாது. இருமல் இல்லாதபோதும் கெட்டிச் சளி சேர்கிறது, அதில் சூடோமோனாஸ் போன்ற கிருமி குடியேறுகிறது. குடியேறியதை விரட்டுவது பெரும்பாடு.

3. நெபுலைசர் கப்பைத் தினமும் கழுவிக் கிருமி நீக்கி, நன்றாகக் காயவிடுங்கள்.

4. என்சைம் மாத்திரை சாப்பாட்டோடு போக வேண்டும், பாலுக்கும் சேர்த்து. உள்ளே இருக்கும் மணிகளைப் பொடிக்காதீர்கள், மெல்லவும் விடாதீர்கள். களிக்கு நெய்யைத் தாராளமாக விடுங்கள். இந்தப் பிள்ளைகளுக்குக் கொழுப்பு வேண்டும்.

5. வியர்வையில் உப்பு நிறையப் போகும். முத்தமிட்டால் கரிக்குமே, அதுதான். ஓசூர்க் குளிரை நம்பி இருந்துவிட்டு, சித்திரையில் கிருஷ்ணகிரிக்கு இறங்கும்போது உப்பு போட்ட மோரை மறக்காதீர்கள். பிள்ளை துவண்டு வாந்தி எடுத்தால் உடனே ஆஸ்பத்திரி.

6. இதே நோயுள்ள இன்னொரு பிள்ளையோடு அருகருகே உட்கார வைக்காதீர்கள். ஒருவர் கிருமி மற்றவருக்குத் தொற்றும். பெற்றோர்கள் போனில் பேசிக்கொள்ளலாம்.

7. பெங்களூரு பக்கம்தான், வேலூர் சிஎம்சியும் ஒரே நெடுஞ்சாலைப் பயணம். எங்கே காட்டினாலும் சொன்ன தேதியில் போங்கள். 2019இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ட்ரைகாஃப்டா என்ற மருந்து எல்லா மரபணு மாற்றத்துக்கும் பொருந்தாது; அதன் விலையும் நம் சம்பளத்துக்கு எட்டாது. எட்டும் நாள் வந்தால் முதலில் கேட்கப்போவது மரபணு அறிக்கையைத்தான். அதைப் பத்திரமாக வையுங்கள். அதுவரை பிள்ளையின் நுரையீரலையும்.