இணையப் பெயரேடும் ஓர் அரசாங்க அதிகாரியும்

பட்டா நகல் பெறுவதற்கும், வீட்டு வரி செலுத்துவதற்கும், பயிர்க் காப்பீட்டுக்கு மனுச் செய்வதற்கும் இன்று நம் ஊராட்சிகளில் இணையத்தை நாடுகிறோம். கைப்பேசியில் ஒரு முகவரியைத் தட்டினால் உரிய அலுவலகத்தின் பக்கம் திறக்கிறது. அம்முகவரி நம்மை உரிய இடத்திற்கே கொண்டு சேர்க்கும் என்பதற்கு யார் பொறுப்பு? இதற்கு விடை காணப் புகுவோர் அமெரிக்க வர்த்தக இலாகாவிலுள்ள ஓர் அதிகாரியின் மேசை வரை செல்ல வேண்டியிருக்கும். ஏறக்குறைய 18 ஆண்டுகள் அம்மேசையில் தங்கியிருந்த அதிகாரம் எத்தகையது என்பதையும், 2016-ஆம் ஆண்டில் அது ஏன் கைவிடப்பட்டது என்பதையும் ஊராட்சி அங்கத்தினர்களும் விவசாயப் பெருமக்களும் அறிந்திருத்தல் நலம்.

முகவரியைப் படிக்கும் முறை

கணினிகள் ஒன்றையொன்று எண்களால் அறிகின்றன. மனிதர்கள் எண்களை நினைவில் வைத்தல் அரிதாகையால் பெயர்கள் வகுக்கப்பட்டன. டொமைன் பெயர், அதாவது தளப்பெயர், என்பது இதுவே. நம் மாநில அரசாங்கத்தின் தளப்பெயர் 'டி.என்.', 'ஜி.ஓ.வி.', 'ஐ.என்.' என்னும் மூன்று பகுதிகளை உடையது. இதனை வலப்புறமிருந்து படித்தல் வேண்டும். கடைசியில் நிற்கும் 'ஐ.என்.' இந்தியாவைக் குறிக்கும். அதற்கு முன்னது அரசாங்கத்தை. அதற்கும் முன்னது தமிழ்நாட்டை. தபால் நிலையத்தில் கடிதம் பிரிப்போர் உறையின் கடைசி வரியை முதலில் பார்ப்பதும், வீட்டு எண்ணைக் கடைசியில் பார்ப்பதும் இம்முறையை ஒத்ததே.

அரசாங்க அமைப்புகளுக்கு அன்றி வேறெவருக்கும் 'ஜி.ஓ.வி., ஐ.என்.' என்று முடியும் பெயர் வழங்கப்படுவதில்லை. 'ஜி.ஓ.வி.' என்னும் எழுத்துக்களை முகவரியின் நடுவே எங்கேனும் செருகிவிட்டு, முடிவில் வேறு பெயரை வைத்து வரிப்பணத்தைப் பறிக்க முயல்வோர் உண்டு. முகவரியின் பெயர்ப் பகுதி எங்கே முடிகிறது என்று பார்ப்பவர் இவ்வலையில் சிக்கமாட்டார்.

வலக்கோடியில் நிற்கும் இப்பெயர்களை எல்லாம் அடக்கிய ஏடு ஒன்று உண்டு. அதனை வேர்ப்பதிவேடு என்பர். உலகிலுள்ள கோடிக்கணக்கான தளப்பெயர்கள் அதில் இல்லை. ஏறத்தாழ 1,400 தலைமைப் பெயர்களும், அவை ஒவ்வொன்றின் கணக்கையும் வைத்திருப்பவர் எங்கே உள்ளார் என்ற குறிப்புமே உள்ளன. ஐ.என். என்பதன் கணக்கு 2005 முதல் இந்திய தேசிய இணையப் பரிமாற்ற நிலையத்தின் பொறுப்பில் உள்ளது. ஒரு நாட்டின் பெயர் வேர்ப்பதிவேட்டில் தவறாக எழுதப்படுமாயின் அந்நாட்டுத் தளங்கள் யாவும் நாளடைவில் எட்டாதவையாகிவிடும். ஏடு சிறிதாயினும் அதை எழுதும் கை யாருடையது என்னும் கேள்வி பெரிதானது இதனால்தான்.

ஒரு மனிதர் வைத்திருந்த கணக்கு

இம்முறையை 1983-இல் வகுத்தவர் பால் மொக்காபெட்ரிஸ் என்னும் அமெரிக்க அறிஞர். ஏட்டைப் பராமரித்தவர் தென் கலிபோர்னியா பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஜான் போஸ்டல். அமெரிக்க அரசாங்கத்தின் பொருளுதவியைக் கொண்டு அவர் இப்பணியைச் செய்து வந்தார். எது நாடு, எது நாடன்று என்று தீர்ப்புக் கூறும் வேலை தமதன்று எனக் கருதி, சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு வெளியிட்டிருந்த இரண்டெழுத்துப் பட்டியலை அவர் அப்படியே ஏற்றுக்கொண்டார். இஃது அறிவுடைய செயல். நம் நாட்டின் 'ஐ.என்.' 1989-இல் அவ்வாறே பதிவாயிற்று.

1998 ஜனவரியில் போஸ்டல், வேர்ப்பதிவேட்டின் நகல்களை வைத்திருந்த நிலையங்களில் எட்டுக்கு மின்னஞ்சல் அனுப்பி, இனித் தம் கணினியிலிருந்தே நகலெடுக்கும்படி கேட்டுக்கொண்டார். அவர்களும் மறுப்பின்றி இணங்கினர். ஜனாதிபதியின் ஆலோசகர் ஐரா மகசினர் தலையிட்டதன் பேரில் பழைய நிலை திரும்பியது. அது வெறும் சோதனை என்று போஸ்டல் கூறினார். எனினும் உலகத்தின் முகவரிக் கணக்கு ஒரே மனிதரின் சொல்லைப் பற்றி நிற்கிறது என்பது எல்லோருக்கும் புலனாயிற்று. அவ்வாண்டு செப்டம்பர் 30-ஆம் தேதி கலிபோர்னியாவில் 'ஐகான்' என்னும் இலாப நோக்கற்ற ஸ்தாபனம் பதிவு செய்யப்பட்டது. அக்டோபரில் போஸ்டல் காலமானார்.

அதிகாரியின் வேலை

இதன்பின் வகுக்கப்பட்ட ஏற்பாடு பின்வருமாறு. ஒரு நாடு தன் பதிவில் மாறுதல் கோரினால் ஐகான் அதனைப் பரிசீலிக்கும். பின்னர் அது வாஷிங்டனிலுள்ள வர்த்தக இலாகாவின் தேசியத் தொலைத்தொடர்பு, தகவல் நிர்வாகத்திற்குச் செல்லும். அந்நிர்வாகத்தின் தலைவர் உதவிச் செயலாளர் தகுதியுடையவர். உரிய விதிமுறை பின்பற்றப்பட்டதா என்று பார்த்து இசைவு தருவதே அவ்வலுவலகத்தின் கடமை. கோரிக்கை நல்லதா கெட்டதா என்று ஆராய்வதன்று. இசைவு கிடைத்ததும் 'வெரிசைன்' என்னும் கம்பெனி ஏட்டில் எழுதும். 2011-இல் தமிழெழுத்தில் '.இந்தியா' என்னும் தலைமைப் பெயர் வேர்ப்பதிவேட்டில் ஏறியபோதும் இவ்வழியே சென்று வந்தது. நம் மொழியில் நம் நாட்டின் பெயரை எழுதுவதற்கு வேற்று நாட்டு இலாகா ஒன்றின் இசைவு வேண்டியிருந்தது என்பதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

அவ்விசைவு பெரும்பாலும் குமாஸ்தா வேலையாகவே நடைபெற்றது என்பது உண்மை. ஆயினும் 2005 ஆகஸ்டில் ஒரு சம்பவம் நிகழ்ந்தது. வயது வந்தோருக்கான தளங்களுக்கென '.எக்ஸ்.எக்ஸ்.எக்ஸ்.' என்னும் பெயரை ஐகான் ஏற்க முனைந்தபோது, அப்போதைய உதவிச் செயலாளர் மைக்கேல் கல்லாகர், பொதுமக்களிடமிருந்து சுமார் 6,000 ஆட்சேபக் கடிதங்கள் வந்திருப்பதைச் சுட்டி, முடிவைத் தள்ளி வைக்கும்படி எழுதினார். விஷயம் தள்ளிப் போயிற்று. அப்பெயர் 2011-இல்தான் ஏட்டில் ஏறியது. அவர் கூறிய காரணத்தில் நியாயம் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு நாட்டு அதிகாரியின் கடிதத்திற்கு இத்துணை கனம் உண்டென்பதைப் பிற நாடுகள் கண்டுகொண்டன. அவ்வாண்டு நவம்பரில் டுனிஸ் நகரில் கூடிய உலகத் தகவல் சமுதாய மாநாட்டில் இதுவே பெரும் சர்ச்சையாயிற்று. 2011-இல் இந்தியா, 50 நாடுகள் கொண்ட குழு ஒன்றை ஐக்கிய நாடுகள் சபையின் கீழ் அமைக்கலாம் என்று யோசனை கூறியது.

அதிகாரத்தை ஒப்படைத்த விதம்

2009 முதல் உதவிச் செயலாளராக இருந்தவர் லாரன்ஸ் ஸ்ட்ரிக்லிங். 2014 மார்ச் 14-ஆம் தேதி அவருடைய நிர்வாகம் இப்பொறுப்பிலிருந்து விலக எண்ணுவதாக அறிவித்தது. மாற்றுத் திட்டத்தைத் தொழில் நிபுணர், வணிகர், பொதுநல அமைப்பினர், அரசாங்கத்தார் அனைவரும் கூடி வகுக்க வேண்டும். இணையத்தின் உறுதியும் திறந்த தன்மையும் குன்றலாகாது. வேறோர் அரசாங்கமோ, அரசாங்கங்களின் கூட்டமைப்போ இவ்விடத்தில் வந்து அமர்வதை ஏற்க இயலாது என்று நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. இரண்டு ஆண்டுகள் விவாதித்து எழுதப்பட்ட திட்டம் 2016 மார்ச்சில் மொராக்கோவின் மரகேஷ் நகரில் இறுதி பெற்று, அவர் கைக்கு வந்தது. ஜூன் 9-ஆம் தேதி அது நிபந்தனைகளுக்கு இணங்கியுள்ளது என நிர்வாகம் அறிவித்தது.

எதிர்ப்பும் கடுமையாக இருந்தது. செப்டம்பர் 14-ஆம் தேதி செனட் உறுப்பினர் டெட் குரூஸ் தலைமையில் நடந்த விசாரணையில், இணையத்தின் சுதந்திரத்தைப் பிற நாடுகளிடம் விட்டுக்கொடுப்பதாக அவர் குற்றஞ்சாட்டினார். இந்த ஒப்பந்தத்தால் இணையத்தில் எவர் எதை எழுதலாம் என்று கட்டுப்படுத்தும் அதிகாரம் எப்போதும் இருந்ததில்லை என்றும், இதனைப் பற்றிக்கொண்டிருப்பதே பிற அரசாங்கங்கள் பங்கு கேட்பதற்கு வாய்ப்பளிக்கும் என்றும் ஸ்ட்ரிக்லிங் தரப்பு வாதிட்டது. பின்னது வலுவான வாதம் என்றே தோன்றுகிறது. அரிசோனா, டெக்ஸாஸ், ஒக்லஹோமா, நெவாடா ஆகிய நான்கு மாநிலங்கள் தடை கோரி வழக்குத் தொடுத்தன. செப்டம்பர் 30-ஆம் தேதி நீதிபதி தடை விதிக்க மறுத்தார். அன்று நள்ளிரவோடு ஒப்பந்தம் காலாவதியாயிற்று. அக்டோபர் 1-ஆம் தேதி காலையில் எந்தத் தளமும் நின்றுவிடவில்லை. பெரும்பாலோர்க்கு இச்செய்தியே தெரியாது.

இன்று வேர்ப்பதிவேட்டில் மாறுதல் செய்ய எந்த அரசாங்க அதிகாரியின் இசைவும் வேண்டுவதில்லை. அரசாங்கங்கள் ஐகானின் ஆலோசனைக் குழுவில் அமர்கின்றன. இந்தியப் பிரதிநிதியும் அதில் உண்டு. அங்கே ஆட்சேபம் ஏதுமின்றி ஒருமனதாகக் கூறப்படும் ஆலோசனையை ஐகான் நிர்வாக சபை தள்ள வேண்டுமாயின் 60 சதவீத வாக்குகள் தேவை. தீர்மானத்தில் ஒரு நாடு முறையாக மறுத்தாலும் அந்தக் கனம் போய்விடும். ஆகவே அங்குச் செல்லும் அதிகாரிக்கு வாதத் திறமையோடு பிற நாட்டினரை முன்னதாகவே கலந்துகொள்ளும் பொறுமையும் வேண்டியிருக்கிறது. இந்தியா 2015-இல், பல தரப்பினரும் கூடி நடத்தும் முறையை ஆதரிப்பதாக அறிவித்தது. ஐகான் கலிபோர்னியாவில் பதிவான ஸ்தாபனமாகவே, அம்மாநிலச் சட்டத்திற்கு உட்பட்டு இயங்கி வருகிறது.